பொட்டு வைத்த டிஸ்க்குகள்

புரட்டாதி 18, சனி

வெயில். காற்று இல்லை. துறைமுகத் தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல்.

காலை வாசிகசாலை கூட்டினேன். (நீளமான சொல். இனி வா.சாலை. கை வலிக்கிறது.)

கொம்பியூட்டர் வந்துவிட்டது. மூன்று. உட்துறைமுக வீதியில் கப்பல் அலுவலகம் ஒன்று புதிது வாங்கி, பழையதை எங்களுக்குத் தந்துவிட்டது. தம்பலகாமத்தில் இருந்து நெல் இறக்க வந்த உழவு மெசின் பெட்டியில் ஏற்றி வந்தார்கள். ஒன்றை நான் இறக்கினேன். துறைமுகத்தில் மூட்டை சுமந்து கிழவன் ஆனவன் நான். இதைவிடப் பாரம் எல்லாம் முதுகில் ஏறியிருக்கிறது. இவ்வளவு பயத்தோடு எதையும் தூக்கியதில்லை.

தவமணி டீச்சர் (இனி த. டீச்சர்) கதிரையில் ஏறி நின்று ஒட்டடை அடித்தார். எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தவர் அவர். போன விஜயதசமிக்கு, அறுபத்தெட்டு வயதில், மூக்கு வடிகிற பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அரிசியில் எழுதினேன். தினமும் ஐந்து வரி எழுதுங்கோ, நான் பார்க்க மாட்டேன் என்றார். எழுதுகிறேன். இன்றைக்கு ஐந்தைத் தாண்டிவிட்டது.

டீச்சர் சொன்னது, மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்:

"ஐயா, திங்கள் விட்டு வாற திங்கள் உதவி நிறுவனத்து ஆள் ஒருத்தர் வந்து பார்ப்பார். ஒரு கொம்பியூட்டராவது தமிழிலை ஓடினால் இஞ்ச வகுப்பு நடத்த உதவி கிடைக்கும். நான் நிற்பன். இல்லாட்டி அண்ணை விடமாட்டார். கொழும்பிலை ஒரு கடையிலை எனக்கு வேலை பார்த்து வைச்சிருக்கிறார்."

அப்படியானால் பெரியவர்கள் வகுப்பு?

"அதுக்கு ஆர் இருக்கினம் ஐயா."

வேறு ஒருவரும் இல்லை.

புரட்டாதி 19, ஞாயிறு

வெயில். மத்தியானம் சூடை மீன் சொதி. டவுனுக்குள் திரிகிற மான்களில் ஒன்று பஸ் நிலையத்துச் சுவரில் ஒட்டிய நோட்டீசைத் தின்றது. கூட்டம் எத்தனை மணிக்கு என்று வாசித்துக்கொண்டு நின்றேன். மணி மானின் வயிற்றுக்குள்.

பாக்கியம் (பா., என் மனுசி) இந்த விஜயதசமிக்குத் தானும் ஏடு தொடக்கப் போகிறாளாம். ஒரு வருடம் என்னைப் பார்த்துச் சிரித்தவள். ஏன் இப்போது என்று கேட்டேன்.

"நீங்கள் பேப்பரை வைச்சுக்கொண்டு தனியச் சிரிக்கிறீங்கள். என்னத்துக்குச் சிரிக்கிறீங்கள் எண்டு எனக்கும் தெரிய வேணும்."

நல்ல காரணம். ஆனால் டீச்சர் கொழும்பு போனால் பா. 'அ'வோடு நிற்பாள். இதை அவளிடம் சொல்லவில்லை.

புரட்டாதி 21, செவ்வாய்

கிண்ணியாவில் இருந்து ரபீக் வந்தார். டவுனில் ரேடியோ, டீவி திருத்துகிறவர். முன்பு டுபாயில் கொம்பியூட்டர் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். காலையில் பாதை ஏறி வந்து (மிதவையை இங்கே பாதை என்றுதான் சொல்வோம்), பின்னேரம் கடைசிப் பாதைக்குள் திரும்பிவிட வேண்டும். கையில் நேரம் கொஞ்சம்தான். கதை நிறைய.

மூன்றையும் திறந்தார். ஒன்றுக்குள் நெல் மணி.

"அப்பு, இது கொம்பியூட்டரா, நெல்லுப் பட்டறையா?"

முடிவு:
ஒன்று: நல்லது.
இரண்டு: நல்லது ஆகலாம்.
மூன்று: செத்தது. அதன் உறுப்புகள் மற்ற இரண்டுக்கும்.

உள்ளே ஒன்றும் இல்லையாம். கப்பல் அலுவலகத்தார் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் தந்திருக்கிறார்கள். இப்போது அது வெறும் பெட்டி. அது எழும்பி நிற்பதற்கே உள்ளே ஒன்று வேண்டும். அதற்குப் பெயர் சிஸ்டம்.

"இதுட மூளை சின்னன் அப்பு. பெரிய சிஸ்டம் ஏத்தினா மூச்சு முட்டிச் செத்திரும். சின்னது ஒண்டு இருக்கு. தேவையில்லாத எல்லாத்தையும் கழிச்சிப்போட்டு, நிக்கிறதுக்கு எது வேணுமோ அது மட்டும். தமிழ் எழுத்தும் சேத்து அஞ்சு டிஸ்க்கில அடங்கிரும்."

விளங்கிவிட்டது. கப்பலில் இருந்து ஆள் இறக்கும் சின்ன வள்ளம். துடுப்பு, நங்கூரம், தண்ணீர் இறைக்கச் சிரட்டை. வேறு என்ன வேண்டும். ரபீக்கிடம் சொன்னேன். அதேதான் என்றார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்குள்ளே சந்தோசம். கொம்பியூட்டரைப் பற்றி நான் சொன்ன ஒன்றுக்கு 'அதேதான்' என்று பதில்.

புரட்டாதி 22, புதன்

டிஸ்க் ஐந்தும் வந்தன. கொழும்பில் ரபீக்கின் கூட்டாளி ஒருவர் லொறிச் சாரதியிடம் கொடுத்து அனுப்பியது. எடுத்து வரும் வேலை எனக்கு. சந்தைக்குப் பக்கத்தில் வாங்கிக்கொண்டு, சென்றிப் பொயின்றில் வரிசை. ஆமிப் பெடியன் உறையைப் பிரித்தான். சதுரம், கறுப்பு, மட்டை போல வளையும். நடுவில் வட்ட ஓட்டை. கீழே நீளமாக ஒரு வாய், அதற்குள் பளபளப்பு.

"மேவா மொனவத?" என்றான். இதெல்லாம் என்ன என்று.

துறைமுகத்துச் சிங்களம் எனக்குப் போதும். "பொத்" என்றேன். புத்தகம். வேறு எப்படிச் சொல்வது.

நடு ஓட்டையால் ஒரு கண்ணை வைத்து என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். சிரித்துவிட்டான். போகச் சொன்னான். நல்ல பெடியன். தாய் எந்த ஊரில் இருக்கிறாளோ.

த. டீச்சர் ஒவ்வொன்றிலும் சின்னக் கடதாசி ஒட்டி 1, 2, 3, 4, 5 என்று எழுதினார். ரபீக் மெசினுக்கு வயர் பூட்டினார். இன்றைக்கு நேரம் போதவில்லை. போகும்போது டிஸ்க்குகளை என் கையில் தந்தார். வா.சாலைக் கூரை ஒழுகும், என் வீடு ஒழுகாது.

"அப்பு, இது ஒண்டுதான் இருக்கு. கொப்பி எடுக்க வெறும் டிஸ்க் வெள்ளிக்கிழமை கொண்டு வாறன். அது மட்டும் பிள்ளை மாதிரிப் பாத்துக்கொள்ளுங்க. ஈரம் படப்படாது. தூசு படப்படாது. காந்தம் கிட்டப் போகப்படாது."

பிஸ்கட் தகரத்தில் வைத்தேன். பா. மேலே பட்டுத் துண்டு ஒன்று போட்டாள். கலியாணத்துக்குக் கட்டிய சீலையில் மிஞ்சியது.

புரட்டாதி 23, வியாழன்

முகில். மழை இல்லை. கிண்ணியாப் பக்கம் பாதை ஓடவில்லை, ஆமித் தேடுதலாம். ரபீக் வரவில்லை.

வா.சாலையில் நவராத்திரிக் கும்பம் வைத்து ஒவ்வொரு பின்னேரமும் பூசை. இன்றைக்குப் புத்தகம் வைக்கும் நாள். பிள்ளைகள் எல்லாரும் கொப்பி, புத்தகம். தச்சன் ஒருவர் உளி. தையல் அக்கா கத்தரிக்கோல். நான் என் அரிச்சுவடி வைத்தேன். பிறகு யோசித்தேன், இந்த வருடம் எங்களுக்கு வந்த பெரிய புத்தகம் எது? வீட்டுக்கு ஓடினேன். (நடந்தேன். ஓடியது போல.)

ஐந்தையும் கும்பத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கினேன். சந்தனம், குங்குமம். கீழே அந்த நீள வாய் இருக்கிறதே, பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் போல இருந்தது. அளவும் சரி. ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்தில் வடிவாக வைத்தேன். பா. விளக்குப் பிடித்தாள். "நாலாவதுக்குக் கொஞ்சம் காணாது, இன்னும் வையுங்கோ" என்றாள். வைத்தேன்.

பார்க்க நல்ல இலட்சணம். அவல், கடலை, வாழைப்பழம்.

புரட்டாதி 24, வெள்ளி

ரபீக் வந்தார். வெறும் டிஸ்க் ஒரு பெட்டி கொண்டு வந்திருந்தார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். டிஸ்க்குகள் கும்பத்தடியில், பூவுக்கும் புத்தகத்துக்கும் இடையில்.

வா.சாலைத் தலைவர் சொன்னார்: "தம்பி, வைச்சதை விஜயதசமிக் காலமைதான் எடுக்கலாம். அதுக்கு முதல் தொடக்கூடாது."

ரபீக் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சரி, அப்ப நாளைக்கு. ஒங்கட சாமியும் ஒரு தரம் வாசிச்சுப் பாக்கட்டும்" என்றார். கோபம் இல்லை. கடலை வாங்கிச் சாப்பிட்டு, இரண்டாவது மெசினுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

த. டீச்சரின் அண்ணன் வந்தார். கதிரையில் இருக்கவில்லை. "செவ்வாய்க்கிழமை காலமை பஸ். ரெண்டு சீற் சொல்லி வைச்சிட்டன்" என்றார். டீச்சர் கொப்பி திருத்திக்கொண்டே இருந்தார்.

புரட்டாதி 25, சனி. விஜயதசமி

காலை: பா. ஏடு தொடக்கினாள். அவளுக்கு முன்னால் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, பின்னால் ஒன்று. த. டீச்சர் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவித்தார். பா. எழுதி முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை. கலியாணத்திலும் அப்படிப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு

(தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.)

மிச்சத்தை எழுதத்தான் வேண்டும்.

பூசை முடிந்து டிஸ்க்குகளை எடுத்து, துண்டால் சுற்றி, ரபீக்கின் கையில் கொடுத்தேன். முதலாவதைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். ஐந்தையும் சீட்டு விரிப்பது போல மேசையில் விரித்தார். பிறகு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஏன் என்று தெரியாமல். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"அப்பு, இந்த வாய்க்குள்ளாலதான் மெசின் வாசிக்கிற. இது அதுட கண்ணு. ஒங்கட கண்ணுக்குள்ள சந்தனம் அப்பினா எப்படி?"

சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பா. சொல்கிறாள்: "நான் அப்பவே சொன்னனான், வெளிப்பக்கம் வையுங்கோ எண்டு." சொல்லவே இல்லை. நாலாவதுக்கு இன்னும் வையுங்கோ என்றவள் இவள்.

த. டீச்சர் ஒரு டிஸ்க்கை எடுத்து, ஒட்டிய கடதாசியில் தான் எழுதிய இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசியிருந்தால் எனக்கு நல்லாய் இருந்திருக்கும்.

இன்னொரு பிரதி கொழும்பில். திங்களுக்குள் வராது.

ரபீக் யோசித்தார். உறையை வெட்டி, உள்ளே இருக்கும் தட்டை எடுத்துக் கழுவி, வேறு உறைக்குள் போடலாமாம். வெறும் டிஸ்க் பெட்டி இருக்கிறது, அதன் உறைகள் உதவும். டுபாயில் ஒரு முறை தேத்தண்ணீர் ஊற்றுப்பட்ட டிஸ்க்குக்குச் செய்தவர். ஆனால் உப்பில்லாத தண்ணீர் வேண்டும். இங்கே எந்தக் கிணறும் உப்பு. குழாய்த் தண்ணீரில் கறள், இரும்புத் துரு. பற்றரித் தண்ணீர் வாங்கலாம் என்றால் விஜயதசமி, கடை எல்லாம் பூட்டு.

"இண்டைக்கு ஏலாது. நாளைக்குப் பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் பாதைக்குப் போனார்.

பின்னேரம் பா. சிலேட்டில் 'அ' எழுதி எழுதி அழித்தாள்.

புரட்டாதி 26, ஞாயிறு

மழை.

விடியும்போதே மழை. இந்த மாரிக்கு முதல் மழை, புளியங்கொட்டை கொட்டுவது போலத் தகரக் கூரையில். பா. குசினியில் இருந்த எல்லாவற்றையும் முற்றத்தில் வைத்தாள். கிடாரம், அண்டா, சருவம், என் சவரக் கோப்பையும். "முதல் கொஞ்சத்தை ஊத்துங்கோ, கூரைத் தூசு வரும்" என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு வெட்ட வெளியில் விழுந்ததை மட்டும் வேட்டித் துணியால் வடித்தோம். கண்ணாடி போல.

காற்றில் பாதை பிந்தி, ரபீக் நனைந்த கோழி போல வந்தார். கிடாரத்தைப் பார்த்தார். ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பில்ல."

வேலை நடந்த விதம்:

ரபீக் பிளேட்டால் உறையின் ஒரு விளிம்பை வெட்டினார். உள்ளே இருந்து கபில நிற வட்டம். பொரிக்காத அப்பளம் போல மெல்லிசு. இவ்வளவுதானா கொம்பியூட்டர் படிக்கும் புத்தகம் என்று நினைத்தேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை.

கழுவ ரபீக் கை நீட்டினார். பா. தள்ளிவிட்டாள். "உங்கட கை கறள். விடுங்கோ." சட்டி கழுவும் சவர்க்காரம் துளி, மழைத் தண்ணீர், விரல் நுனி. பிறந்த பிள்ளையின் தலையைக் கழுவுவது போல. சந்தனம் கரைந்து போனது. குங்குமம் லேசில் விடவில்லை. நாலாவதில் மங்கலாக ஒரு சிவப்பு கடைசிவரை நின்றது.

உறை இல்லாவிட்டால் ஐந்தும் ஒன்று போல. எது எது என்று மாறிவிடும். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிற நூல் எடுத்து, நடு ஓட்டையால் கோத்து, யன்னல் கம்பியில் கட்டினார். ஒன்றுக்கு வெள்ளை, இரண்டுக்கு மஞ்சள். மூன்று நீலம், நாலு சிவப்பு, ஐந்து பச்சை. ஐந்து தட்டும் மழைக் காற்றில் மெதுவாக ஆடின. ஒருவரும் மூச்சு விடவில்லை, துப்பல் பட்டுவிடும் என்று ரபீக் பயமுறுத்தியிருந்தார்.

காய்ந்த பிறகு புது உறை, மேலே டீச்சர் நூல் நிறம் பார்த்து ஒட்டிய இலக்கக் கடதாசி. மெசின் போட்டார். ஒன்று உள்ளே போனது. கறக் கறக் என்று ஒரு சத்தம், பல்லி ஓட்டுக்குள் நடப்பது போல. திரையில் இங்கிலீசு வரி, கடைசியில் 2. அந்த இலக்கம் எனக்குத் தெரியும். மற்றது ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. "ரெண்டு கேக்குது" என்றேன். டீச்சர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நேற்றைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

இரண்டு போனது. மூன்று போனது. நாலில் நின்றது. கறக். கறக். வாசிக்க ஏலாதாம். ரபீக் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மெசினின் வாயைத் துடைத்தார். மீண்டும் நாலு. மீண்டும் ஏலாது. நேரம் மூன்றாகப் போகிறது. கடைசிப் பாதை.

"டீச்சர், நான் போகணும். இது எந்த நம்பர் கேக்குதோ அதக் குடுங்க. வாசிக்க ஏலாது எண்டு சொன்னா திருப்பி வாசி எண்டு சொல்லுங்க, இந்தக் கட்டைய அமத்துறதுதான். திருப்பித் திருப்பிச் சொன்னா திருப்பித் திருப்பி அமத்துங்க. கோவிச்சிக்காதீங்க. அப்பு, டிஸ்க் போடுற வேல ஒங்களுக்கு. பொட்டு வைக்காம போடுங்க."

குடையில்லாமல் ஓடினார்.

டீச்சர் அமத்தினார். கறக். ஏலாது. அமத்தினார். ஏலாது. அப்போது கரண்ட் போனது.

இருட்டுத் திரை. மழைச் சத்தம். டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பா. வெற்றிலை மடித்து அவருக்குக் கொடுத்தாள், அவர் போடுவதில்லை என்று தெரிந்தும். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கரண்ட் வந்தது. முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஒன்று. இரண்டு. மூன்று. என் கை இப்போது பழகிவிட்டது. தட்டின் வாய் முன்னால், கடதாசி மேலே, தள்ளி, கதவை மூட வேண்டும். நாலு. கறக். கறக். கறக். ஏலாது. அமத்தினார். கறக். நின்றது. பிறகு நீளமாக ஒரு சத்தம், மணலில் வள்ளம் இழுப்பது போல. நாங்கள் மூன்று பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மேசையைப் பிடித்து என்ன பயன். பிடித்தோம்.

திரையில் 5.

நான் ஐந்தைப் போட்டேன்.

பிறகு திரை ஒரு தரம் கறுத்து, பச்சையாக, பெரிதாக: வணக்கம்.

நான் வாசித்தேன். சத்தமாக. எவரும் சொல்லித் தரவில்லை. பா. என் கையைப் பிடித்து, "என்ன எழுதியிருக்கு, என்ன எழுதியிருக்கு" என்றாள். வாசித்தேனே என்றேன். "திருப்பி வாசியுங்கோ" என்றாள். வாசித்தேன். இன்னும் ஒரு தரம்.

டீச்சர் எல்லா எழுத்தையும் அடித்துப் பார்த்தார். எல்லாம் வருகிறது. ஔ மட்டும் ஒரு சின்னக் கட்டமாக வருகிறது. நாலாவது டிஸ்க்கின் சிவப்பு அங்கேதான் உட்கார்ந்திருக்கும் போல. பரவாயில்லை. எனக்கும் ஔ சரியாக வராது.

ஒரே நாளில் இவ்வளவு எழுதியது வாழ்நாளில் இதுதான் முதல். நித்திரை வரவில்லை.

புரட்டாதி 27, திங்கள்

தூறல். காலையே வேட்டி மாற்றி, தலைக்கு எண்ணெய். பா. வா.சாலைப் படி கழுவினாள்.

உதவி நிறுவனத்து ஆள் வந்தார். வெள்ளை வாகனம். இளந்தாரி, கண்ணாடி, சப்பாத்தில் சேறு. த. டீச்சர் மெசின் போட்டார். நான் வாசலில் நின்று எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டேன், பொட்டு வைக்காமல்.

கறக். வணக்கம்.

"இவ்வளவு பழசிலையா?" என்றார். டீச்சர் அடித்துக் காட்டினார். திரையில் எங்கள் ஊர்ப் பெயர், மூதூர், கிளிவெட்டி, சம்பூர். ஔ தேவைப்படாத ஊர்கள். கவனமாய்த் தெரிந்தெடுத்தார்.

டீச்சர் பொட்டுக் கதையைச் சொல்லவில்லை. பா. சொல்லிவிட்டாள், முழுவதும், கிடாரம் வரை. அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எனக்கு வெட்கம்.

பிறகு: "அறிக்கை அனுப்புறன். நல்லாத்தான் எழுதுவன். ஆனால் முடிவு மேலையிருந்து வர வேணும். ஒரு மாசம் ஆகும்."

டீச்சர் கேட்டார்: "வரும் எண்டு நம்பலாமோ?"

"சொல்ல ஏலாது, தங்கச்சி."

வாகனம் போனது. வாசலில் டீச்சரின் அண்ணன். எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. தங்கச்சியை இந்த ஊரில் வைத்திருக்கப் பயம், அவ்வளவுதான். போன மாதம் இவர்கள் வீட்டுத் தெருவிலேயே ஆமி சுற்றி வளைத்தது.

"பார்த்தியே. ஒரு மாசமாம். வந்தாலும் வரும், வராட்டியும் இல்லை. நாளைக்கு ஆறு மணிக்குப் பஸ்."

டீச்சர் மெசினை நிறுத்தினார். மேலே துணி போட்டார். வா.சாலைத் திறப்பை என் கையில் தந்தார்.

பின்னேரம் பா. சிலேட்டில் 'ஆ' எழுதிக் காட்டினாள். வால் மற்றப் பக்கம் திரும்பியிருந்தது.

"டீச்சர் போனால் நீங்கள் சொல்லித் தாங்கோவன்."

எனக்கே இன்னும் பாதிதான் தெரியும் என்றேன்.

"பாதியைத் தாங்கோ."

புரட்டாதி 28, செவ்வாய்

வெளிப்பு, மழை விட்டுவிட்டது. கூரை எல்லாம் நீராவி.

ஆறு மணிக்குப் பஸ் சத்தம் கேட்டேன். கடற்கரை வீதியால் போகும்போது ஹோர்ன் அடிப்பான். அடித்தான். போய்விட்டது.

வா.சாலைக்குப் போகவே மனம் இல்லை. கூட்ட வேண்டுமே என்று போனேன். திறப்பு என்னிடம். படியில் டீச்சரின் அண்ணன் இருந்தார். பக்கத்தில் பை.

"நீங்கள் போகேல்லையோ தம்பி?"

"எங்கை போறது. விடியக்காலமை நாலு மணியிலிருந்து சண்டை. ஒரு மாசம் எண்டு சொன்னவை, ஒரு மாசம் நிற்பன் எண்டு சொல்லுறாள். அதுக்குப் பிறகும் ஒண்டும் வராட்டி வாறாளாம்." பையைக் காலால் தட்டினார். "இது என்ரை உடுப்பு. நான்தான் இனி இஞ்ச நிற்கப் போறன் போல. அவளைத் தனிய விட்டிட்டுப் போக ஏலுமே?"

கதவைத் திறக்கப் போனேன். கை திறப்புத் துவாரத்தைக் கண்டுபிடிக்கவில்லை. அவர்தான் திறந்தார்.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் வந்தார். பின்னால் ரபீக், முதல் பாதையில் வந்தவர், ஞாயிறு என்ன நடந்தது என்று தெரியாமல் இரண்டு நாளும் நித்திரை இல்லையாம். திரையைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து நின்றார். பிறகு ஔவைப் பார்த்தார். "இது ஆருட பொட்டு?" என்றார். பா. பக்கம் கை காட்டினேன்.

டீச்சர் சொன்னது: "ஒரு மாசம் நிற்கிறதெண்டால் ஒரு மெசினோடை என்ன செய்யிறது. மற்றதையும் ஏத்துவம். அண்ணை, அந்த மேசையை இஞ்சாலை தள்ளுங்கோ."

அண்ணன் தள்ளினார். இன்னும் இஞ்சாலை என்றார் டீச்சர். தள்ளினார்.

இப்போது ரபீக் இரண்டாவது மெசினில் ஏற்றுகிறார், டிஸ்க் எடுத்துக் கொடுப்பது அண்ணன். முதல் மூன்று டிஸ்க்கும் நல்லாய்ப் போகிறது என்று, மூலையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்தில் பா., சிலேட்டில் 'இ'. அண்ணன் எட்டிப் பார்த்து, "ஐயா, இந்த நம்பர் வந்தால் என்ன செய்யிறது" என்கிறார். பா. எழும்பிப் போய்ப் பார்க்கிறாள். இலக்கம் அவளுக்கு முன்பே தெரியும், சந்தைக்குப் போகிறவள்.

நாலு கேக்குதாம். கூப்பிடுகிறாள். அண்ணன் டிஸ்க்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் போக வேண்டும்.